பச்சை முகத்துக்குள் தவழ்ந்தவன் தப்பா, எழுதியவர் தப்பா?

தேவிபட்டினத்தான்:
'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' (Tomb of Horrors) மாட்யூலை, அதாவது அந்த ஆயத்தக் கதைப் புத்தகத்தை, இன்னும் எத்தனை வருஷம்தான் தலையில் வைத்துக் கொண்டாடப்போகிறீர்கள்? (முடிச்சுகளை அவிழ்க்கப்போகிறேன், ஆடாதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.) கேரி கைகாக்ஸ் எழுதி 1978இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் விளையாட்டு) சாகசம். அசெரெராக் என்ற மந்திரவாதியின் கல்லறை. சண்டை போட ஆள் ரொம்பக் குறைவு, திரும்பிய பக்கமெல்லாம் பொறிதான். முதல் நடைபாதைக் கோடியில் வாயைப் பிளந்த பச்சைப் பிசாசு முகம் ஒன்று. அந்த வாய்க்குள் இருப்பது வழி இல்லை, தொட்டதை இல்லாமல் ஆக்கும் கரும் கோளம். டைஸ் உருட்டித் தப்பிக்கும் வாய்ப்புகூடக் கிடையாது. போன மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நின்றபோது ஆரம்பித்து வளர்த்த என் முத்துக்குளிக்கிற கேரக்டர், 'உள்ளே தவழ்கிறேன்' என்று சொன்ன நொடியே காலி.

மண்டபம் மாஸ்டர்:
டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர், நான்தான், அதனால் நானே சொல்கிறேன். தம்பி, அதே நடைபாதையில் சிவப்பு ஓடு பதித்த பாதை வளைந்து வளைந்து போனதே, அதில் மங்கலாக ஒரு செய்யுள் எழுதியிருந்தது. பச்சையை ஒதுக்கச் சொல்கிற வரி அதிலேயே இருக்கிறது. தரையை உற்றுப் பார்க்கிறேன் என்று யாராவது ஒருத்தர் சொன்னீர்களா? இன்னொன்று, இது முதலில் 1975இல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டில் போட்டியாக ஆடியது. முன்பே தயாராக்கிக் கையில் கொடுக்கிற ஆயத்தக் கேரக்டர், குறித்த நேரம், யார் அதிக தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. செத்தால் யாருக்கும் நெஞ்சு வலிக்காது.

தேவிபட்டினத்தான்:
அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்! போட்டிக்கு எழுதியதை ஒரு வருஷக் கதைக்கு நடுவில் இறக்கியது வடமாட்டை வீட்டுத் தொழுவத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி.

தொண்டிக்காரன்:
எனக்குப் புத்தகத்தோடு வரும் படங்களுக்காகவே பிடிக்கும். டிஎம் ஒவ்வோர் அறைக்கும் படத்தை எடுத்துக் காட்டும்போது எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போமே, அது வேறு எந்த மாட்யூலில் கிடைத்தது?

கீழக்கரை நிலா:
மாஸ்டர் காக்கா சொன்னதில் பச்சை முகம் மட்டும் நியாயம், அதற்குத் துப்பு இருந்தது. கிரீடத்துக்கு என்ன சொல்வீர்கள்? தலையில் வைத்தால் கழற்ற முடியாது, கூடவே ஒரு செங்கோல், ஒரு முனை தங்கம், மறு முனை வெள்ளி. தங்க முனையால் தொட்டால் கிரீடம் கழன்று வரும், வெள்ளி முனை பட்டால் ஆள் நாற்றம் பிடித்த பொடியாகிவிடுவார், உயிர்ப்பிக்கவும் முடியாது. எந்த முனை என்று கண்டுபிடிக்க என் கண்ணில் ஒன்றுமே படவில்லை. சிந்திக்கிறவர்களுக்கான மாட்யூல் என்று கைகாக்ஸ் முன்னாலேயே எழுதிவைத்துவிட்டார், சரி, ஆனால் அங்கே எதை வைத்துச் சிந்திப்பது? அது பூவா தலையா, அவ்வளவுதான்.

மண்டபம் மாஸ்டர்:
கிரீடத்தைத் தலையில் வைக்கச் சொன்னது யார்? கடைசி அறையில் கிடக்கிற மண்டையோடும் அப்படித்தான், தொடாதவரை சும்மாதான் கிடக்கும். கண்ணில் மாணிக்கம், பல்லில் வைரம் என்றதும் கை நீளுகிறது பாருங்கள், அந்த ஆசையைத்தான் கைகாக்ஸ் பொறியாக்கி வைத்திருக்கிறார். பழைய கேரக்டரைக் கொண்டுவர வேண்டாம் என்று தொடங்கும் முன்பே சொன்னேன். புதையலை நம் ஆளே அள்ளட்டும் என்று முத்துக்குளிக்கிறவரைக் கூட்டிவந்தது யாராம்?

தேவிபட்டினத்தான்:
எதையும் தொடாமல், எதையும் போடாமல், பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போவதற்குப் பெயர் சாகசமா? கணக்கு ஆடிட் மாதிரி இருந்தது. ராத்திரி பதினொரு மணிவரை சுவரைத்தான் தடவினோம்.

கீழக்கரை நிலா:
புத்தகத்தின் பின்னால் ஆயத்தக் கேரக்டர் பட்டியல் இருக்கிறது. ஜூன் 14 ராத்திரி தடை முடிந்து படகு இறங்குவதற்குள் அவர்களை வைத்து இன்னொரு தடவை ஆடிப் பார்ப்போமே, நேரமும் வைத்துக்கொள்வோம்.

தேவிபட்டினத்தான்:
வருகிறேன் லாத்தா, ஆனால் முகமும் தெரியும், செங்கோலும் தெரியும், மண்டையோடும் தெரியும். ரகசியம் எல்லாம் வெளியே வந்த பிறகு இதில் ஆட என்ன மிச்சம்? அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.