ஆகஸ்ட்டா, பிப்ரவரியா? செரெங்கெட்டிக்கு எப்போது போகலாம்?

தும்பி:
வணக்கம். அடுத்த வருடம் ஆப்பிரிக்க சஃபாரி, தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டோம். நான், கணவர், பத்து வயது மகள், மாமியார் என நான்கு பேர். மாமியாருக்கு எழுபது வயது. நன்றாக நடப்பார், ஆனால் குலுங்கும் வண்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் இடுப்புவலி வந்துவிடும். எங்கள் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது பிப்ரவரி இரண்டாம் பாதியில்; அதை விட்டால் ஆகஸ்ட்.

தேடிப் படித்த இடத்திலெல்லாம் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் நல்ல பருவம் என்று போட்டிருக்கிறார்கள். மகளும் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான்) கூட்டம் ஆற்றைக் கடக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதையே கேட்கிறாள். எனக்கோ சிங்கத்தையும் சிவிங்கிப்புலியையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், ஒரு விலங்கைச் சுற்றி முப்பது வண்டி நிற்கக்கூடாது. பிப்ரவரியில் போனால் எதை இழப்போம்? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

செம்போத்து:
ஆகஸ்ட்டுக்கு என் ஓட்டு. வறண்ட காலம் என்பதால் புல் தாழ்ந்து, புதர்கள் இலை உதிர்த்து, விலங்குகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். குட்டைகள் வற்றிவிடுவதால் எல்லாமே ஆற்றோரம் வந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல வாய்ப்பு. ஆனால் கரையில் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும், முதல் மாடு தண்ணீரில் இறங்காவிட்டால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விடும்.

கூட்டம் பிடிக்காது என்றால் கென்யாவின் மாசாய் மாராவுக்குப் பதிலாகத் தான்சானியா பக்கம் கோகடெண்டேயில் தங்குங்கள். அதே மாரா ஆறுதான், வண்டிகள் குறைவு. செலவையும் பாருங்கள்: மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200.

வேலமரம்:
தும்பி, நான் தான்சானியாவின் அரூஷா நகரில் பல வருடம் வேலை பார்த்தவன். விடுமுறை கிடைத்தால் செரெங்கெட்டிக்குத்தான் ஓடுவேன். நீங்கள் கேட்டிருப்பதை வைத்துச் சொன்னால், பிப்ரவரியில் போங்கள், செரெங்கெட்டியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எண்டுட்டுவில் தங்குங்கள்.

வில்டபீஸ்ட் கூட்டத்தின் இடப்பெயர்ச்சி ஆகஸ்டில் மட்டும் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மான்களும் மழையையும் புல்லையும் தேடி வருடம் முழுக்க வட்டமடிக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்குச் சமவெளி. பெருமழை முடிந்து சமவெளி காயத் தொடங்கியதும் மேற்கே நகர்ந்து, ஜூன் வாக்கில் குருமெட்டி ஆறு, அப்புறம் வடக்கே மாரா. நவம்பரில் சிறுமழை வந்ததும் மறுபடி தெற்கு. ஆகவே எந்த மாதமானாலும் கூட்டம் எங்கோ இருக்கிறது. அந்த மாதத்துக்குரிய இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

தெற்கே ஏன் வருகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொரொங்கோரோ மலைகளின் எரிமலைகள் கக்கிய சாம்பல் காற்றில் வந்து படிந்த நிலம் அது. ஓல் டொய்ன்யோ லெங்காய் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. சாம்பல் மண் இறுகிக் கிடப்பதால் மரம் வேர்விட முடியாது, குட்டைப் புல்தான். ஆனால் அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் ஏராளம். பால் சுரக்க வேண்டிய தாய்க்கு வேறென்ன வேண்டும்? மழை நின்றால் அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது, அதனால்தான் நிரந்தரமாகத் தங்க முடிவதில்லை.

பிப்ரவரியில் கன்று ஈனுதல் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான தாய்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடும். அத்தனை கன்றுகளும் ஒரே சமயத்தில் பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் தின்று தீர்க்க முடியாது, மிச்சமுள்ளவை பிழைக்கும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், சீக்கிரமே தாயோடு ஓடும். நீங்கள் கேட்ட சிவிங்கிப்புலியும் இந்தக் குட்டைப்புல் சமவெளியில்தான் தன் குட்டிகளோடு வேட்டையாடும். புல் மறைக்காததால் துரத்தலை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கலாம். இன்னொரு வசதி: எண்டுட்டு, கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வருவதால் வண்டிப் பாதையை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. செரெங்கெட்டி பூங்காவுக்குள் அது கூடாது.

இரண்டு விஷயம். மழை பிந்தினால் கூட்டம் புல் இருக்கும் பக்கம் விலகிப் போய்விடும். அதனால் ஒரே இடத்தில் நான்கு இரவாவது வைத்துக்கொள்ளுங்கள். மகளிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறந்த அன்றே கழுதைப்புலி தூக்கிப் போகும் கன்றைப் பார்க்க நேரலாம்.

மீன்கொத்தி:
வேலமரம் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாமியாரின் இடுப்பை நினைத்தால் ஆகஸ்டில் போட்ஸ்வானா என்று ஒரு வழியும் உண்டு. சோபே ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே யானைகள் நீந்துவதைப் பார்க்கலாம். குலுக்கலே கிடையாது.

ஒகவாங்கோ கழிமுகம் அதைவிட அதிசயம். அங்கோலா மலைகளில் கோடைகாலத்தில் (அங்கே கோடை டிசம்பர் வாக்கில்தான்) பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் ஒரு துளி மழை இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளமாக நிற்கிறது. சுற்றியுள்ள பாலைநிலம் காய்ந்திருக்க விலங்குகள் தண்ணீரைத் தேடி அங்கே வரும். விக்டோரியா அருவியும் பக்கம்தான். ஏப்ரல், மே அளவுக்கு நீர்ப்புகை கண்ணை மறைக்காது, அக்டோபர் போல வற்றியும் இருக்காது. ஆகஸ்டில் விடியற்காலைத் திறந்த வண்டியில் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளித் தொப்பி கட்டாயம். செலவு தான்சானியாவைவிட அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தும்பி:
எல்லோருக்கும் நன்றி. கன்றுகள் பிறக்கும் காலம் என்றதும் மகள் ஆற்றை மறந்துவிட்டாள்! படகு யோசனை மாமியாருக்குப் பிடித்தது, ஆனால் எங்கள் பட்ஜெட்டில் நிற்காது போலிருக்கிறது. வேலமரம் சார், எண்டுட்டு வரை சாலை எப்படி? மலேரியா பற்றியும் சொல்லுங்கள்.

வேலமரம்:
அரூஷாவிலிருந்து கொரொங்கோரோ நுழைவாயில் வரை நல்ல தார்ச்சாலை. அதற்கப்புறம்தான் சோதனை: வரிவரியாக மேடு விழுந்த மண்பாதை, உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். இப்படிச் செய்யலாம். முதலில் காரில் நுழைவாயிலுக்கு முன்னால் இருக்கும் கராட்டு ஊருக்குப் போய்த் தங்குங்கள். அங்கிருந்து ஒருநாள் கொரொங்கோரோவின் பழைய எரிமலைக் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டு வாருங்கள். உள்ளே இருக்கும் விலங்குகளில் பெரும்பாலானவை வெளியே போவதில்லை, அதனால் பருவம் பெரிதாகப் பாதிக்காது. கருப்புக் காண்டாமிருகத்துக்கு அது நல்ல இடம். விளிம்பு ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரம், காலையில் ஸ்வெட்டர் வேண்டும். மறுநாள் மன்யாரா விமானத்தளத்திலிருந்து சிறிய விமானத்தில் எண்டுட்டுவுக்குப் பறந்துவிடுங்கள். ஆளுக்கு 15 கிலோதான், மெத்தென்ற பை மட்டும். சக்கரப் பெட்டியை ஏற்றமாட்டார்கள்.

எண்டுட்டுவுக்குள் வண்டியில் சுற்றும்போதும் குலுங்கும், ஆனால் தூரம் குறைவு. மாமியாரை நடு இருக்கையில் உட்கார வையுங்கள். பின்னிருக்கை வேண்டவே வேண்டாம். மதியம் ஒரு தூறல் வரலாம். கருமண் நனைந்தால் வண்டி சிக்கும், அதனால் ஓட்டுநர் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

மலேரியா அங்கே எல்லாப் பருவத்திலும் உண்டு. மகளுக்கு எடைக்கேற்ற மாத்திரை வேண்டியிருக்கும், மருத்துவரைச் சீக்கிரமே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் வழியாக விமானம் மாறினால் தடுப்பூசிச் சான்றும் கேட்கலாம், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கருநீல, கறுப்பு உடை வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்கள் மொய்க்கும்.

எண்டுட்டுவில் தங்குமிடம் குறைவு, பிப்ரவரிக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். விமான டிக்கெட்டுக்கு முன்னால் முகாமில் இடம் பிடியுங்கள். அது கிடைத்ததும் தேதியை இங்கே போடுங்கள், நாள்வாரியாக எப்படிப் பிரிக்கலாம் என்று எழுதுகிறேன்.