ஃபுளோரிடா: டிக்கெட் கட்டாமல் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகிவிட்டது, இன்ஷூரன்ஸை என்ன செய்வது?

கேட்டவர்: டாம்பா_அப்பா

வணக்கம். ஒன்பது நாளாக வண்டிச் சாவியைத் தொடவில்லை.

போன அக்டோபரில் ஐ-75இல், 70 மைல் எல்லையில் 84இல் போனதற்கு டிக்கெட் வாங்கினேன். அபராதம் 204 டாலர், கட்ட 30 நாள் அவகாசம். அந்த வாரம்தான் வீடு மாறினோம். டிக்கெட்டை மடித்துக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்தவன் அப்படியே மறந்துவிட்டேன். லைசென்ஸில் முகவரியையும் மாற்றவில்லை. கோர்ட்டிலிருந்து வந்த கடிதம் எல்லாம் பழைய அபார்ட்மெண்டுக்குப் போயிருக்கிறது.

போன வாரம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம்: லைசென்ஸ் சஸ்பெண்டில் இருப்பதால் 28ஆம் தேதிக்குப் பிறகு பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்களாம். மாநிலத்தின் இணையதளத்தில் பார்த்தால் 'டி-6' என்று போட்டிருக்கிறது. கடன் இப்போது கலெக்‌ஷன் ஏஜென்ஸி கையில், தொகை 308 டாலர்.

மனைவிக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் ஹைவே ஏறப் பயப்படுவாள். பாப்பாவைப் பள்ளியில் அவள்தான் விடுகிறாள். என் ஆபீஸ் 22 மைல். டீம் நண்பர் ஒருவர் தினமும் வந்து கூட்டிப் போகிறார், அவரை எத்தனை நாள் சிரமப்படுத்துவது?

அந்த நண்பரே, "உன் கார் சும்மாதானே நிற்கிறது, அதற்கு இன்ஷூரன்ஸ் எதற்கு, கேன்சல் செய்துவிடு" என்கிறார். போனில் பேசிய ஓர் ஏஜெண்ட், எஸ்ஆர்-22 என்று ஒரு சான்று கட்டாயம் வேண்டும், பிரீமியம் இரண்டு மடங்காகும் என்றார். முதலில் எதைச் செய்ய வேண்டும்? உண்மையிலேயே தலை சுற்றுகிறது.

பதில்: ஜாக்சன்வில்காரன்

நண்பரே, இதே டி-6இல் நானும் மாட்டியிருக்கிறேன். கேள், இது சரியாகிவிடும்.

டி-6 என்றால் நீ மோசமான டிரைவர் என்று அர்த்தமில்லை. டிக்கெட்டுக்குப் பணமும் கட்டவில்லை, பதிலும் சொல்லவில்லை என்பதற்காகக் கோர்ட் கிளர்க் மாநிலத்துக்கு அனுப்பும் அறிக்கை, அவ்வளவுதான். கிளர்க்கிடம் கணக்கைத் தீர்த்தால் அவரே விடுவிப்பு அனுப்புவார். அதற்கு மேல் லைசென்ஸைத் திரும்பப் பெற 60 டாலர். ஒன்றுக்கு மேல் டி-6 இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 60. அதனால் முதலில் உன் லைசென்ஸ் நம்பரைப் போட்டு முழு நிலவரத்தையும் பார். வேறு கவுண்ட்டியில் (மாவட்டத்தில்) பழைய டோல் அபராதம் ஏதாவது கிடந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

204 எப்படி 308 ஆனது என்று பார்த்தாயா? தாமதத்துக்கு 16 டாலர், பிறகு மொத்தத்தின் மேல் ஏஜென்ஸிக்கு 40 சதவீதம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். 'ஆபரேஷன் கிரீன் லைட்' என்று கிளர்க் அலுவலகங்கள் நடத்தும் நாட்களில் இந்த ஏஜென்ஸிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். பக்கத்தில் தேதி இருந்தால் கேள், ஆனால் 28ஆம் தேதியை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்காதே. மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணையும் உண்டு.

வண்டியைத் தொடாமல் இருக்கிறாயே, அதை மட்டும் விடாதே. சஸ்பெண்ட் ஆனது தெரியாமல் ஓட்டினால் அது இன்னொரு டிக்கெட். தெரிந்தே ஓட்டினால் குற்ற வழக்கு. விசாவில் இருப்பவர்களுக்கு அது வேறு மாதிரித் தலைவலி. பால் வாங்கக்கூட எடுக்காதே.

பதில்: ஆர்லாண்டோ_அக்கா

தம்பி, பன்னிரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் வேலையில் இருக்கிறேன். உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபுளோரிடாவில் வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கிறவரை இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும், வண்டி ஓடினாலும் நின்றாலும். பிளேட்டைத் திருப்பிக் கொடுக்காமல் பாலிசியை நிறுத்தினால் அதற்கென்று தனியாக இன்னொரு சஸ்பென்ஷன் வரும். அதை நீக்க முதல் தடவை 150 டாலர், திரும்பத் திரும்ப நடந்தால் 500 வரை. ஒரு டி-6ஐத் தீர்க்க வந்து, வெளியே போகும்போது இரண்டு பிரச்சினையோடு போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் எஸ்ஆர்-22. அது இன்ஷூரன்ஸே இல்லை, உங்களுக்குக் குறைந்தபட்ச பாலிசி இருக்கிறது என்று கம்பெனி மாநிலத்துக்குக் கொடுக்கும் சான்று. அபராதம் கட்டாததால் வந்த வெறும் டி-6க்கு அது தேவையில்லை. அந்த ஏஜெண்டிடம், என் ரெக்கார்டில் எந்த வரியில் அப்படிக் கேட்டிருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள்.

முதலில் லைசென்ஸ், பிறகு கொட்டேஷன். சஸ்பெண்டில் இருக்கும்போது கேட்டால் பல கம்பெனிகள் விலையே சொல்லாது. 28க்குள் லைசென்ஸ் வராவிட்டால் மனைவி பெயரில் பாலிசி எடுத்து, உங்களை அதில் ஓட்டாதவராக விலக்கி எழுதச் சொல்லலாம், வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். 'லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனதுண்டா' என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி விபத்து நடந்த அன்றைக்குக் கைவிட்டுவிடும்.

பதில்: மயாமி_மாமா

கட்டுவதற்கு முன் ஒரு டிராஃபிக் லாயரிடம் பேசிப் பாருங்கள். பணம் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லைக்கு மேல் 15 மைலுக்குள் என்றால் லைசென்ஸ் ரெக்கார்டில் 3 பாயிண்ட் (தப்புக்கான புள்ளி) ஏறும், அது பிரீமியத்தில் தெரியும். 30 நாளுக்குள் கேட்டிருந்தால் டிரைவிங் ஸ்கூல் வகுப்போடு பாயிண்ட் இல்லாமல் முடித்திருக்கலாம்.

டாம்பா_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மாமா சொன்னபடி லாயரிடம் கேட்டேன். அவர் நேரம் கொடுத்தது அடுத்த மாதம், என்னால் காத்திருக்க முடியவில்லை. பாயிண்டை ஏற்றுக்கொண்டேன்.

திங்கள் காலை மனைவியோடு கிளர்க் அலுவலகம் போனேன். 308 கட்டினேன், அங்கேயே 60ம் வாங்கிக்கொண்டார்கள், சின்ன சேவைக் கட்டணத்தோடு. கவுண்ட்டரில் இருந்த அம்மா ரெக்கார்டைத் திருப்பிக் காட்டினார். வேறு எதுவும் இல்லை, எஸ்ஆர்-22 மாதிரி நிதி உத்தரவாதம் கேட்டு ஒரு வரியும் இல்லை. அக்கா சொன்னது அப்படியே சரி. புதன்கிழமை இணையத்தில் 'செல்லும்' என்று வந்துவிட்டது. முகவரியையும் அன்றே மாற்றினேன். வீடு மாறி 30 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது.

மூன்று கம்பெனியில் கேட்டோம். முன்பு ஆறு மாதத்துக்கு இரண்டு காருக்கும் சேர்த்து 1,460. இப்போது கிடைத்ததில் குறைந்தது 1,890. வலிக்கிறதுதான், ஆனால் இரட்டிப்பு இல்லை. 24ஆம் தேதியே பாலிசி கைக்கு வந்துவிட்டது, நடுவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

ஜாக்சன்வில்காரன்:

ரொம்ப சந்தோஷம். அந்த ரசீது இரண்டையும் காரில் வைத்துக்கொள், ஆறு மாதமாவது. போட்டோவும் எடுத்து வை.