பார்க்கிங் பேவரில் தண்ணீர் தேங்குகிறது: பெயர்க்க வேண்டுமா, சுத்தம் செய்தால் போதுமா?

மேடவாக்கம்_ஏ_பிளாக்:
எங்கள் அடுக்ககத்தின் திறந்தவெளி பார்க்கிங் 600 சதுர மீட்டர். மழைநீர் உள்ளே இறங்கும் வகை பேவர் பிளாக், 200×100 மி.மீ. கல், 8 மி.மீ. இடுக்கு, கீழே 30 செ.மீ. ஜல்லி. போட்டு 6 வருடம். தோட்டத்தை ஒட்டிய பக்கம் சின்ன மழைக்கே தண்ணீர் நிற்கிறது, நடுப்பகுதி பரவாயில்லை. மொத்தமாகப் பெயர்த்து, எம்-சாண்ட் நிரப்பித் திரும்பப் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் என்ன செய்யலாம்?

ஜல்லி_அடுக்கு:
பெயர்க்கச் சம்மதிக்காதீர்கள். ஓரம் மட்டும் தேங்குகிறது என்றால் தோட்டத்து மண் கரைந்து வந்து இடுக்கை அடைத்திருக்கிறது. இந்த அடைப்பு பெரும்பாலும் மேல் 2–3 செ.மீ. ஆழத்திலேயே உட்கார்ந்துவிடும், அடியில் உள்ள ஜல்லி சுத்தமாகவே இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். 30 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டைத் தளத்தில் வைத்து, அடிவிளிம்பைப் பிளம்பர் புட்டியால் கசியாமல் அடையுங்கள். இடுக்கிலும் புட்டி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி அளவு பொய்க்கும். 3.6 லிட்டர் ஊற்றித் தளத்தை நனையுங்கள். அது 30 வினாடிக்குள் இறங்கினால் அடுத்து 18 லிட்டர், இல்லையென்றால் மறுபடி 3.6 லிட்டர். ஊற்றும்போது நீர்மட்டம் 10–15 மி.மீ. உயரத்திலேயே நிற்கட்டும். தண்ணீர் தளத்தைத் தொட்டதிலிருந்து முழுக்க மறையும்வரை வினாடிகளை எண்ணுங்கள். 3.6 லிட்டருக்கு 1,83,300-ஐயும், 18 லிட்டருக்கு 9,16,700-ஐயும் அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை மி.மீ. என்று கிடைக்கும். 250-க்குக் கீழே போனால், அதாவது 3.6 லிட்டர் இறங்க 12 நிமிடத்துக்கு மேல் ஆனால், உடனே சுத்தம் செய்ய வேண்டும். ஓரத்தில் மூன்று இடம், நடுவில் மூன்று இடம் பாருங்கள்.

இடுக்கு_சிப்ஸ்:
எம்-சாண்ட் கூடவே கூடாது. அதிலுள்ள தூள் ஒரே மழைக்காலத்தில் இடுக்கை இறுக்கிவிடும். குவாரி டஸ்டும் அப்படித்தான். சாதாரண பேவர் வேலையின் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதால்தான் நல்ல தளங்கள் பாழாகின்றன.

தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மெல்லிய கம்பியால் இடுக்கைக் கிளறி, தொழிற்சாலை வகை வாக்குவம் வைத்து 25 மி.மீ. ஆழம்வரை, சுத்தமான சிப்ஸ் (இடுக்கில் நிரப்பியிருக்கும் பொடி ஜல்லி) தெரியும்வரை உறிஞ்சி எடுங்கள். வெறும் பிரஷர் வாஷ் சேற்றை இன்னும் கீழே தள்ளும். பிறகு 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கி 2.36-ல் நிற்கும் சிப்ஸைக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். 100 சதுர மீட்டருக்குச் சுமார் 10 கன அடி பிடிக்கும். முடித்ததும் அதே இடங்களில் திரும்ப அளந்துவிடுங்கள்.

மேடவாக்கம்_ஏ_பிளாக்:
நன்றி. சுத்தம் செய்தும் தேங்கினால்?

ஜல்லி_அடுக்கு:
அப்போது கோளாறு கீழே. ஜல்லியின் அடிவரை இறங்கும் துளையிட்ட 100 மி.மீ. குழாய் ஒன்றை மூடியுடன் நிறுத்துங்கள். மழை நின்று 72 மணி நேரமாகியும் அதில் தண்ணீர் வடியவில்லை என்றால், களிமண் உறிஞ்சவில்லை அல்லது நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டது. பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள தாழ்வான இடங்களில் இரண்டையும் எதிர்பார்க்கலாம். அதற்கு வடிகுழாய்தான் வழி. இடுக்கை எத்தனை தடவை சுரண்டினாலும் பலன் இல்லை.

வெளியேறும் வழி எப்படியும் தேவை. 30 செ.மீ. ஜல்லியில் வெற்றிடம் 40 சதவீதம் என்று வைத்தால் தளத்தின் மேல் விழும் 12 செ.மீ. மழையைத்தான் அது தாங்கும். 2015 டிசம்பர் 1–2இல் தாம்பரத்தில் பெய்தது ஒரே நாளில் 49 செ.மீ. மொட்டைமாடித் தண்ணீரையும் இதில் விட்டிருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும்.

இடுக்கு_சிப்ஸ்:
தோட்ட ஓரத்தைச் சரிசெய்யாமல் சுத்தம் செய்தால் காசு வீண். பாத்தி மண்ணைத் தளத்தைவிட 5 செ.மீ. தாழ்த்தி, 10 செ.மீ. கரைக்கல் கட்டுங்கள். புங்க மரம் இருந்தால் பூ உதிரும் காலத்தில் வாரம் ஒருமுறை பெருக்க வேண்டும். மட்கினால் அது இடுக்கில் களிம்பாகிவிடும். வாக்குவம் வருடத்துக்கு இரண்டு முறை: செப்டம்பர் கடைசியில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. ஒரு விதியைச் சங்கக் கூட்டத்தில் எழுதியே வையுங்கள்: யார் வீட்டில் வேலை நடந்தாலும் மணலையோ சிமெண்டையோ இந்தத் தளத்தில் கொட்டக் கூடாது, கலவை போடக் கூடாது. இடுக்கில் இறுகிய சிமெண்டை வாக்குவம் எடுக்காது. அந்த இடத்தில் மட்டும் கல்லைப் பெயர்த்துத்தான் ஆகவேண்டும்.