கேப் ராத் வரை தனியாக நடக்க 18 நாள் போதுமா? ஆறுகள், கூடாரம், வானிலை குறித்து ஆலோசனை வேண்டும்

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் லெஸ்டரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை அடுத்த மல்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை செல்லும் வெஸ்ட் ஹைலேண்ட் வே பாதையின் 154 கிலோமீட்டரையும் எட்டு நாள்களில் தனியாக நடந்து முடித்தேன். ஐந்து இரவுகள் விடுதிகளிலும் இரண்டு இரவுகள் கூடாரத்திலும் தங்கினேன். ரன்னக் மூர் சதுப்புவெளியில் காலையில் வெயிலும் நண்பகலில் ஆலங்கட்டி மழையும் மாலையில் மீண்டும் வெயிலுமாகக் கழிந்த அந்த ஒரு நாள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

வரும் மே மாதம் அதே ஃபோர்ட் வில்லியமில் தொடங்கி, பிரித்தானியப் பெருந்தீவின் வடமேற்கு முனையான கேப் ராத் கலங்கரை விளக்கம் வரை நடக்க விரும்புகிறேன். தொலைவு ஏறத்தாழ 370 கிலோமீட்டர்; எனக்குக் கிடைக்கும் விடுப்பு 18 நாள். இந்த வழியில் திசைக்கம்பங்கள் கிடையாது என்பதையும், பல ஆறுகளுக்குப் பாலம் இல்லை என்பதையும் அறிவேன். பாலமில்லாத ஆற்றின் கரையில் தனியாக நிற்கும்போது கடக்கலாமா கூடாதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? என்னிடம் இருப்பது உள்கூடாரத்தை முதலில் கட்டி, அதன்மேல் வெளிவிரிப்பைப் போடும் வகைக் கூடாரம், அது போதுமா? வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், துணிச்சலை நம்பிப் புறப்பட எனக்கு மனம் இல்லை. நடந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கார்முகில் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வியில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது ஆறுகள் அல்ல, அந்த 18 நாள் கணக்குதான். 370 கிலோமீட்டரை 18 நாளில் நடக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு இருபதுக்கும் மேல் வருகிறது. அதில் மழைக்கென்று ஒதுக்கிய நாள் ஒன்றுகூட இல்லை. வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த பழைய விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். அவ்வாறு கணக்கிட்டால், 900 மீட்டர் ஏற்றமுள்ள 20 கிலோமீட்டர் ஐந்தரை மணி நேர வேலை. ஆனால் பாதையே இல்லாத சதுப்பில் 15 கிலோ சுமையோடு நடந்தபோது எனக்கு அத்தகைய நாள்கள் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையவில்லை.

ஆகவே கேப் ராத்தை அடைந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, எங்கெங்கே நடையை நிறுத்தி வெளியேற முடியும் என்பதை வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராத்கேரனில் இன்வர்னெஸ் செல்லும் ரயில் நிற்கிறது. அதற்கு வடக்கே உள்ள அலாப்பூல் என்னும் ஊரிலிருந்து பேருந்து உண்டு. பதினெட்டில் மூன்று நாளையாவது காத்திருப்பதற்கென்று விடுங்கள். அந்த மூன்று நாள் போனால் அலாப்பூல் வரைதான் செல்ல முடியும் என்றால், அலாப்பூலோடு முடித்துக்கொண்டு மீதியை அடுத்த ஆண்டு நடக்கலாம்.

தொடக்கத்திலும் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிளென்ஃபினன் வழியாக நாய்டார்ட் மலைகளுக்குள் புகும் வழி மிக அழகானது. ஆனால் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி அது. கிரேட் கிளென் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிழக்கே சுற்றிச் செல்லும் வழி அவ்வளவு எழிலானது அல்ல என்றாலும் ஆறுகளின் தொல்லை குறைவு. எதில் செல்வது என்பதைப் புறப்படும் வாரத்தின் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இறுதி நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாண்ட்வுட் கடற்கரையைத் தாண்டியதும் இராணுவத்தின் சுடுபயிற்சி நிலம் வருகிறது. பயிற்சி நடக்கும் நாள்களில் உள்ளே நுழையக் கூடாது என்பதால், அந்தத் தேதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறைப்பூ எழுதியது:

ஆறுகளைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் அவற்றிடம் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன்.

வழியில் வரும் ஃபிஷர்ஃபீல்ட் மலைப்பகுதியில், கார்ன்மோர் பக்கமிருந்து ஷெனவால் என்னும் கற்குடிலை நோக்கி வரும்போது அடுத்தடுத்து இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சதுப்புச் சமவெளி கிடக்கிறது. நான் மாலை ஐந்து மணிக்கு முதல் ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. இரண்டாவது ஆறும் அப்படித்தான் தெரிந்தது. இரவில் மழை வரும் என்று அறிக்கை சொல்லியிருந்தும், களைப்பினால் அதைக் காலையில் கடக்கலாம் என்று எண்ணி, நடுவில் இருந்த ஒரு சிறு மேட்டில் கூடாரம் போட்டுவிட்டேன். நள்ளிரவில் ஆற்றின் ஓசை மாறியதைக் கேட்டுத்தான் விழித்தேன். கற்கள் உருளும் ஓசை அது. விடிந்தபோது முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஒன்றரை நாள், ஷெனவாலின் கூரையைக் கண்ணெதிரே பார்த்தபடி, கையிருப்பு உணவை எண்ணி எண்ணி உண்டு அங்கேயே கிடந்தேன்.

அன்று முதல் நான் மீறாத வழக்கம் ஒன்று உண்டு: இரவில் மழை வரும் என்றால், ஆற்றைக் கடந்த பிறகே கூடாரம் போடுவேன், கடக்க முடியாத நிலை என்றால், பின்வாங்கிச் செல்ல வழி இருக்கும் பக்கத்திலேயே தங்குவேன்.

எப்போது கடக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். நீர் விரைந்து ஓடி, முழங்காலுக்கு மேலும் இருந்தால் தனியாள் இறங்கவே கூடாது. அடித்தளம் தெரியாத அளவுக்கு நீர் கலங்கியிருந்தாலும், கற்கள் உருளும் ஓசை கேட்டாலும் அப்படியே. ஆறு குறுகும் இடம் கடக்க எளிதாகத் தோன்றும். ஆழமும் வேகமும் அங்கேதான் மிகுதி. அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள், அல்லது மேல்நோக்கி நடந்து, துணையோடைகள் சேர்வதற்கு முன் உள்ள பகுதிக்குச் செல்லுங்கள். இறங்கும் முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, நடைக்கோலை ஊன்றி, பக்கவாட்டில் அடி வையுங்கள். காலணியைக் கழற்ற வேண்டாம்.

மழை சட்டென்று ஏற்றிய ஆறு சட்டென்று இறங்கவும் செய்யும். நீரோரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். மழை நின்ற சில மணி நேரத்திலேயே சிற்றாறுகள் வடிந்து வழிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தென்கரை எழுதியது:

கூடாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்கூடாரத்தை முதலில் கட்டும் வகையில், மழையில் கட்டி முடிப்பதற்குள் படுக்குமிடம் நனைந்துவிடுகிறது. வெளிவிரிப்பை முதலில் எழுப்பும் வகையையோ, இரண்டும் ஒன்றாகவே எழும் வகையையோ இரவல் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், மழையும் காற்றும் உள்ள ஒரு மாலையில் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் பத்து முறை கட்டிப் பழகுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. எனவே கணவாயின் உச்சியில் ஒருபோதும் தங்காதீர்கள்.

உறங்குவதற்கென்று ஒரு முழு உடையைத் தண்ணீர் புகாத பையில் தனியே வைத்து, என்ன நேர்ந்தாலும் அதை அணிந்து நடக்காதீர்கள். காலையில் நனைந்த உடையை மீண்டும் அணிவது கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த இரவைக் காப்பது அந்த உலர்ந்த உடைதான். குளிரில் கை விறைத்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். மே இறுதியில் மிட்ஜ் எனப்படும் கடிக்கும் சிற்றீக்கள் கிளம்பத் தொடங்கும் என்பதால் முகவலை ஒன்று வேண்டும். உண்ணி கடித்திருக்கிறதா என்று நாள்தோறும் உடலைப் பாருங்கள்.

பொத்தி எனப்படும் மலைக்குடில்கள் வழியில் பல உண்டு. இலவசம், முன்பதிவு கிடையாது. அவை நிறைந்திருக்கக்கூடும் என்பதால் கூடாரத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு கூடாரமிடும் உரிமையைத் தந்திருப்பதால், உங்கள் வழியில் அனுமதி பற்றிய அச்சம் தேவையில்லை.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பாறைப்பூ அவர்கள் எழுதியதை என் மனைவியும் படித்தார். திட்டத்தை அலாப்பூல் வரை என்று சுருக்கிவிட்டேன்; மீதம் வரும் நாள்கள் ஆறுகளுக்கு. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அலைபேசித் தொடர்பு இல்லாத நாள்களில் வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது?

கார்முகில் எழுதியது:

நல்ல முடிவு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதைவிட முக்கியமானது, உங்கள் மனைவியிடம் எழுதிக் கொடுக்கும் தாள்: எந்த இரவு எந்தப் பள்ளத்தாக்கில் தங்குவீர்கள், கூடாரத்தின் நிறம் என்ன, எந்த நாள் எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துக் காவல்துறையிடம் மலைமீட்புக் குழுவைக் கேட்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். ஆற்றுக்காக ஒரு நாள் காத்திருந்தாலும் அவர் பதறாதபடி, அந்தக் கெடுவை நீங்கள் வர வேண்டிய நாளுக்கு 24 மணி நேரம் தள்ளியே குறியுங்கள். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்கு முன்பதிவு தேவை. அதை இன்றே செய்துவிடுங்கள். பேச முடியாத அளவுக்குத் தொடர்பு மெலிந்த இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளைகளில் போய்ச் சேர்ந்துவிடும்.