எஞ்சின் ‘சீஸ்’ ஆவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கி அப்படியே நின்றுபோவதைத்தான் ‘சீஸ்’ (seize) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இறுகல்’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. இறுகுவது நட்டும் போல்ட்டும். ஸ்கூட்டர் எஞ்சினைக் கழற்றும் மேசையில் ‘ஹெட் நட் இறுகிப்போச்சு’ என்பதும் ‘எஞ்சின் சீஸ்’ என்பதும் அடுத்தடுத்து வரும். ‘முடக்கம்’ அதைவிட மோசம். பிளக் செத்தாலும் வண்டி முடங்கத்தான் செய்யும்.

நடப்பதைப் பார்த்தால் சொல் கையிலேயே இருக்கிறது. சூட்டில் அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்தால் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டு பிஸ்டனை நிறுத்திவிடும். ஆறவிட்டால் பல வேளை கிக்கர் மறுபடி இறங்கும். திடீரென்று பிடித்து, பிறகு விடுகிறது, தசைப்பிடிப்பு மாதிரி. கராஜ்களிலும் ‘எஞ்சின் பிடிச்சிட்டுது’ என்றுதான் பேச்சு. ஆகவே ‘பிடிப்பு’.

ஆனால் பிடிப்பு விட்ட பிறகும் தடயம் நிற்கும். அதற்கு இரண்டு சொற்கள் வேண்டும். சிலிண்டர் மூடியைப் பிடித்திருக்கும் ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தி, சிலிண்டரை நேராக உருவி, பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். உலோகம் இழுபட்டு மங்கலான பட்டையாகத் தெரிந்தால் ‘சிராய்ப்பு’. மெல்லிய நீள வரிகள் என்றால் ‘கீறல்’. கீறல் தூசியின் வேலை. ஏர் கிளீனரைப் பாருங்கள். சிராய்ப்பு சூட்டின் வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிக்கிற பொடியன் தப்பான இடத்தைத் திறப்பான்.

சிராய்ப்பு எந்தப் பக்கம் என்பதும் பேசும். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் கலவை மெலிவு (காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை), அல்லது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு கலக்கும் ஓயில் குறைவு (2 சதவீதம் என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்). நாலு மூலையிலும் என்றால், எஞ்சின் சூடேறுமுன் அக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறார்கள். இதைக் ‘குளிர்ப்பிடிப்பு’ எனலாம்.

பழைய வெஸ்பா வகையில் கலவை மெலிவுக்கு அடிக்கடி காரணம் பிளைவீல் பக்க ஓயில் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம். அது தேய்ந்தால் கிராங்க் அறைக்குள் காற்று உறிஞ்சும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஓயில் உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். சீலைப் பார்க்காமல், கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பிஸ்டன் வாங்கிப் போட்டால், புதுப் பிஸ்டனும் பிடிக்கும். சீலைச் சோதிக்க, எஞ்சினின் துவாரங்களை அடைத்து 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். அழுத்தமானியின் முள் சில நிமிடமாவது இறங்காமல் நிற்கவேண்டும்.

சுவரில் அப்பிய அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசல் கரைக்கும். வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. கையுறை கட்டாயம். குமிழ்ந்து வருவது ஐதரசன், ஆகவே பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அலுமினியச் சிலிண்டரில் இந்த வேலை கூடாது.

*

ஐயா, ‘பிடிப்பு’ சரி. பிஸ்டனுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் ‘முசலம்’ பஞ்சிகாவத்தையில் விலைப்படாது, இது விலைப்படும். ஆனால் பிஸ்டன் ரிங் தன் காடிக்குள் (பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்துக்குள்) அசையாமல் கிடப்பதையும் சிலர் ‘ரிங் பிடிச்சிட்டுது’ என்கிறார்களே? பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பெயாரிங் உடைந்து கிராங்க் நிற்பதை எதில் சேர்ப்பது?

*

ரிங்குக்கு ‘ஒட்டல்’ போதும் தம்பி. காடிக்குள் கரி ஏறி ஒட்டுகிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உடைந்த பழைய ரிங் துண்டால் சுரண்டினால் வந்துவிடும். சிராய்ந்த அலுமினியமே காடியின் வாயை மூடியிருந்தால் அது ஒட்டல் அல்ல, பிஸ்டனே போய்விட்டது.

பெயாரிங் விஷயம் நியாயமான கேள்வி. சிலிண்டரை உருவிய பிறகும் கிராங்க் சுழலாவிட்டால் ‘கிராங்க் பிடிப்பு’ என்று தனி வரி போடலாம். அப்படியானால் அதிலிருந்து பிரித்துக் காட்ட, முதலில் சொன்ன ‘பிடிப்பை’ ‘பிஸ்டன் பிடிப்பு’ என்று முழுதாக எழுதவேண்டியிருக்கும். எனக்கு ஆட்சேபம் இல்லை.