ஃபீட்-இன் டேரிஃப்: தமிழ்ல என்ன போடலாம்? (வியாழன் அச்சுக்குப் போகுது)

கோத்தகிரி, செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளுக்காக கூரை சோலார் பத்தி ஒரு கையேடு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், மத்ததெல்லாம் ஓடிருச்சு, ஃபீட்-இன் டேரிஃப்ல வந்து மாட்டிக்கிட்டேன். அதாவது, நம்ம பேனல்ல எடுத்த கரண்டை லைனுக்கு விட்டா, மின்வாரியம் ஒப்பந்தம் முடியுற வரைக்கும் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு நமக்குக் குடுக்கிற விலை. 'உள்ளூட்டக் கட்டணம்'னு போட்டிருந்தேன். நேத்து பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாகிட்ட ப்ரூஃபைக் குடுத்தா, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, தாளை மூக்குகிட்ட கொண்டுபோய் அந்த வரியையே ரெண்டு தடவை படிச்சுட்டு, "ஏம்மா, கரண்டையும் நான் குடுத்துட்டு கட்டணமும் நானே கட்டணுமா?"ன்னு கேக்குறார். அதோட அந்தச் சொல் செத்துப்போச்சு. நல்லதா ஒண்ணு சொல்லுங்க.

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, தாத்தா சொன்னதுதான் இலக்கணம். கட்டுவது கட்டணம், வாங்குவது விலை. 'உள்' எதுக்கு, வெளியிலயா ஊட்டுவாங்க? 'ஊட்டுவிலை'ன்னு போடுங்க. உண் – ஊட்டு, காண் – காட்டு, நல்ல பிறவினை. ஊட்டிய விலை, ஊட்டுகிற விலை, ஊட்டும் விலைன்னு முக்காலத்துக்கும் வரும் வினைத்தொகை, 20 வருஷ ஒப்பந்தத்துக்கு இதைவிட என்ன வேணும்.

குன்னூர், காலேஜ் பையன்

ஐயா மன்னிச்சிடுங்க, ஊட்டுவிலைன்னு எழுதினா எங்க ஆளுங்க ஊட்டி விலைன்னுதான் படிப்பாங்க. சீசன்ல ஒரு டீ என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த விலைக்குக் கரண்டான்னு அலறிடுவாங்க 😀

ஊட்டி, தமிழாசிரியர்

தம்பி, ஊட்டின்னே ஒரு ஊர் கிடையாது. உதகமண்டலத்தை வெள்ளைக்காரன் வாயில போட்டு மென்னு துப்பின மிச்சம் அது. அதுக்குப் பயந்து நல்ல வினைச்சொல்லை விடணுமா?

மஞ்சூர், ஓய்வுபெற்ற மின் பொறியாளர்

ஐயா, நானும் படிச்சவன்தான், ஸ்கூல் புத்தகத்துல மின்னூட்டம்னா சார்ஜ். நீங்க ஊட்டுவிலைன்னா நாளைக்கு எவனாவது மின்னூட்ட விலைன்னு எழுதுவான், பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போடுற ரேட்டுன்னு ஆயிடும். ஆபீஸ்ல நாங்க யாரும் தமிழ்ல சொன்னதில்ல, டேரிஃப்தான். 'டேரிஃப்'னே விட்டா என்ன குறைஞ்சிடும்?

இன்னொண்ணு, இந்த விலையை ஏன் முன்கூட்டியே நிர்ணயம் பண்ணி வைக்கிறாங்கன்னு கையேட்டுல இருக்கா? பைக்காராவுல 1932-லேயே தண்ணியில கரண்ட் எடுத்தாங்க, குந்தா நீர்மின் திட்டத்துக்கு கனடாக்காரன் உதவி பண்ணான். அணை, டனல், மலைச்சரிவுல இறங்குற பைப்புன்னு செலவு பூரா முதல் நாளே, அப்புறம் மழை சும்மாதான் பெய்யுது. சோலாரும் அதே கதை, வெயிலுக்கு யாரும் பில்லு போடுறதில்ல, அதனால பேனலுக்குக் கடன் குடுக்கிறவன் ஒரே ஒரு கேள்விதான் கேப்பான்: யூனிட்டுக்கு என்ன கிடைக்கும், எத்தனை வருஷத்துக்கு. சொல்லுல இது வரணும்.

குன்னூர், பொருளாதாரம் நடத்துறவர்

சார் சொன்னதுதான் மையம். டேரிஃப்ங்கறதே அரபில தஃரீஃப், தெரியப்படுத்துறதுன்னு அர்த்தம். அப்ப 'அறிவித்த விலை' சரியா வருதே?

இதுல மானியம்ங்கற சொல் மட்டும் எங்கேயும் வந்துடக் கூடாது, அதை அழுத்திச் சொல்றேன். ஜெர்மனியில 2000-ல சட்டம் வந்தப்போ 20 வருஷத்துக்கு விலையை நிர்ணயிச்சாங்க, பணம் அரசு கஜானாவிலிருந்து வரல, கரண்ட் பில்லுல தனிக் கூடுதல் தொகையா ஏறிச்சு. அதுக்கு முந்தின 1990 சட்டத்தை வெச்சு ஒரு வழக்கு, குறைஞ்சபட்ச விலைக்கு வாங்கச் சொல்றது அரசு உதவி ஆகாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2001-ல சொல்லிடுச்சு. சண்டை எங்க வந்துச்சுன்னா, பெரிய ஆலைகளுக்குச் சலுகை, வீட்டுக்காரன் தலையில பாரம். 2022 ஜூலையில பில்லுல இருந்த அந்தக் கூடுதல் தொகையையே எடுத்துட்டு பட்ஜெட்டுக்கு மாத்தினாங்க. இப்ப வேணா மானியம்னு திட்டலாம்.

நம்ம நாட்டுல பெரிய சோலார் நிலையமெல்லாம் ஏலத்துக்குப் போயிருச்சு, யார் குறைச்ச விலைக்குக் கரண்ட் தர்றாங்களோ அவங்களுக்கு. 2015-ல ஏலம் இல்லாம கமுதி சோலாருக்கு யூனிட் 7.01 ரூபாய், 2017-ல ராஜஸ்தான் பட்லா ஏலத்துல 2.44.

ஊட்டி, தமிழாசிரியர்

ஏலம் போர்ச்சுகீசியச் சொல், 'லெய்லாவ்'. கையேட்டுல ஏலக்காயோட நிறுத்திக்கோங்க.

குன்னூர், காலேஜ் பையன்

குன்னூர்ல உக்காந்துட்டு ஏலம்னு சொல்லாம தேயிலை எப்படி ஐயா விக்கிறது?

கோத்தகிரி, புதன் இரவு

ஐயா, தம்பி, போதும், எனக்கு வியாழன் கண்ணு முன்னால நிக்குது. நெட் மீட்டரிங் (லைனுக்குக் குடுத்த யூனிட்டை வாங்கின யூனிட்டுல கழிக்கிறது) பக்கத்துக்கு மட்டும் ஐயா தனியா எழுதினது அழகா உதவிச்சு, அகநானூற்றுல உப்பு விக்கிற பொண்ணு "நெல்லும் உப்பும் நேரே"ன்னு கூவுறா இல்லையா, அதான், போன யூனிட்டும் வந்த யூனிட்டும் நேருக்கு நேர். 'நேர்கழிவு'ன்னு போட்டுட்டேன். வீட்டுச் செலவே இலவச யூனிட்டுக்குள்ள அடங்கிடுறவங்களுக்கு அதுல பெரிசா கழிக்க ஒண்ணும் இருக்காதுன்னும் ஒரு வரி சேத்திருக்கேன், அதைச் சொல்லாம பேனல் வாங்கச் சொல்றது பாவம்.

ஃபீட்-இன்னுக்கு இதுவரைக்கும், எனக்குத் தனியா எழுதினவங்க சொன்ன 'கொள்முதல் விலை'க்கு நாலு ஓட்டு, ஊட்டுவிலைக்கு ஒண்ணு, டேரிஃபுக்கு ஒண்ணு. ஆனா ஒரு சிக்கல். சாயங்காலம் தாத்தாகிட்ட கொள்முதல் விலைன்னு சொன்னேன், "ஓ, பச்சை இலைக்குக் குடுக்கிற மாதிரியா, அப்ப மாசாமாசம் இறங்குமே"ன்னுட்டார். நான் சொல்ல வந்ததுக்கு நேர் எதிர்!

குன்னூர், பொருளாதாரம்

'உறுதிக் கொள்முதல் விலை'ன்னு போட்டுடலாமே.

மஞ்சூர், பொறியாளர்

உறுதியா? ஒப்பந்தம் போட்டவனுக்குத்தான் அது உறுதி, அடுத்த வருஷம் வர்றவனுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வேற விலை போடும். உறுதின்னு அச்சடிச்சீங்கன்னா வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு அந்தம்மாதான் பதில் சொல்லணும்.

கோத்தகிரி, வியாழன் காலை

அச்சுக்கு அனுப்பிட்டேன். 'மின் கொள்முதல் விலை'. கீழேயே கட்டம் கட்டி "இது வாரியம் உங்களுக்குத் தர்ற பணம். ஒப்பந்தம் முடியுற வரைக்கும் மாறாது, இலை விலை மாதிரி இல்ல"ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கேன். சொல்லைவிட கட்டம் பெரிசாயிடுச்சு.

ஊட்டி, தமிழாசிரியர்

விளக்கத்துக்குக் கட்டம் வேண்டிய சொல் கலைச்சொல்லே இல்ல. என் ஓட்டு ஊட்டுவிலைக்குத்தான், குறிச்சு வெச்சுக்கோங்க. ரெண்டாம் பதிப்பு எப்போ?