காசு போட்டா ஸ்நாக்ஸ் தர்ற வெண்டிங் மெஷினுக்கு இடம் பிடிக்க ஆள் வெச்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காந்திபுரத்தான்:
நான் பட்டதையே முதல்ல எழுதிடறேனுங்க. போன வருசம் ரெண்டு ஸ்நாக்ஸ் மெஷின் எடுத்தேன். எடுத்த இடத்துலயே, "ஸ்பாட் பிடிச்சுத் தர்றவர் ஒருத்தர் இருக்காரு, பேசிக்கோங்க"ன்னு நம்பர் கொடுத்தாங்க. இடத்துக்கு 8,000 ரூபா, பாதி அட்வான்ஸ். பேச்சுன்னா அப்படியொரு பேச்சு. பத்தே நாள்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஒரு காலேஜ், ரெண்டும் ஓகேன்னாரு. ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. மீதிப் பணத்தையும் அன்னைக்கே போட்டுவிட்டேன்.

குட்டி யானையில ஏத்திட்டுப் போனோம். மெஷின் என்ன சும்மாவா, நாலு லோடுமேன் மூச்சு வாங்கிட்டுத்தான் இறக்கினாங்க. ஓபி ஹால்ல நிமிர்த்தி வெச்சு, மேல சுத்தின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல. கேன்டீன்காரர் கையில ஜல்லிக்கரண்டியோட வந்துட்டாரு. "இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு பன்னு விக்கறதுன்னாலும் நான்தான் விக்கோணும்." ஸ்டாம்ப் பேப்பர்ல போட்ட மூணு வருச அக்ரிமெண்டைக் கொண்டுவந்து காட்டினாரு. என் காகிதத்துல கையெழுத்துப் போட்டவரு பர்ச்சேஸ் பாக்கற தம்பி. ஒரு நாற்காலி போடக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. அட்மின் நல்ல மனுசன், சமாதானம் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினாரு. அதுவும் அந்தக் கேன்டீன் காபிதான்.

புரோக்கருக்குப் போன் போட்டா, "சைன் வாங்கித் தந்துட்டேன்ல சார், என் வேலை அதோட முடிஞ்சுது"ங்கறாரு. யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்ல. அதுதான் வயித்தெரிச்சல்.

சிறுசேரி நைட் ஷிப்ட்:
அண்ணா, மொத்தமா பணம் வாங்கறவரு கையெழுத்தோட காணாமப் போயிடுவாரு. எனக்குக் கிடைச்ச ஆளு ரிட்டயர்டு மெடிக்கல் ரெப். முன்பணம் ஒத்தைப் பைசா வாங்கல. முதல் ஆறு மாசம் விக்கறதுல நூத்துக்கு 5 ரூபா, அவ்ளோதான் பேச்சு. அதனால மெஷின் ஓடலன்னா அவருக்கும் தூக்கம் வராது. "கீழ் வரிசை காலியா இருக்கு, எப்ப ரீஃபில் பண்றே?"ன்னு அவரே போன் பண்ணுவாரு.

அவரும் ஒரு இடத்துல சறுக்கினாரு. ஐடி பார்க் பேஸ்மெண்ட்ல, கேப் ஏறுற இடத்துல ஸ்பாட் வாங்கினாரு. ராத்திரி 11 மணிக்குத் திருவிழாக் கூட்டம்தான். ஆனா மெஷினுக்குள்ள இருக்குற சிம்முக்கு அங்க டவரே இல்ல. க்யூஆர்ல காசு போயிடும், மெஷினுக்குத் தகவல் வராது, பாக்கெட்டைத் தள்ளி விடுற ஸ்பிரிங் சுத்தாது. பணம் அப்புறம் திரும்ப வந்துடும்தான். பசியில இருக்குறவன் அதுவரைக்கும் பொறுப்பானா? காலால ஒரு எத்து. கடைசியில அவரே செக்யூரிட்டிகிட்ட பேசி, ஆன்டெனா வயரை மேல கிரவுண்ட் ஃப்ளோர் வரைக்கும் இழுக்க அனுமதி வாங்கிக் கொடுத்தாரு. ஒரே தடவை காசு வாங்கிட்டுப் போறவரு இதுக்கெல்லாம் வருவாரா?

ஹாஸ்டல் அக்கா, திருச்சி:
தம்பி, 8,000 கொடுக்குறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? 20 ரூபா சிப்ஸை 20 ரூபாய்க்குத்தான் விக்க முடியும். எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா வெச்சாலும் கேஸ். மாலுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலைன்னு ஒரே பாக்கெட்டுக்கு ரெண்டு எம்ஆர்பி அச்சடிச்சதும் 2018 ஜனவரியோட போச்சு. நமக்கு பாக்கெட்டுக்கு 3 ரூபா நின்னாலே பெரிசு. அந்த 8,000ஐ எடுக்கவே 2,600 பாக்கெட்டுக்கு மேல விக்கணும். வாடகை, கரண்ட் பில், எலி கடிச்சது எல்லாம் அதுக்கப்புறம்.

நான் புரோக்கரே வெச்சதில்ல. ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல ரெண்டு சாயங்காலம் நின்னு, எத்தனை பிள்ளைங்க கடைக்குப் போறாங்க, எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுறாங்கன்னு பாத்தேன். 8 மணிக்குப் பூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் பசிச்சா பிள்ளைங்களுக்கு என் மெஷின்தான் கதி. வார்டன் அம்மாகிட்ட நேராப் போய்ப் பேசினேன். கோயம்பேடு மார்க்கெட்டுல 2022ல மஞ்சப்பை மெஷின் வெச்சாங்களே, 10 ரூபா காசு போட்டா பை வருமே, அதுவும் இந்தக் கணக்குதான். வெறுங்கையோட காய் வாங்க வர்ற கூட்டம் அங்கதான இருக்கு!

காந்திபுரத்தான்:
கணக்கு நான் போடலைங்க அக்கா. அந்தக் காலேஜ் கதையும் கேளுங்க. பர்மிஷன் அசல்தான். செமஸ்டர் லீவுல மெயினை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. திறந்து பாத்தா சாக்லேட் எல்லாம் உருகி ஸ்பிரிங்ல ஒட்டிக்கிச்சு. பழைய டூத் பிரஷ்ஷும் சுடுதண்ணியுமா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தேய்ச்சோம்.

ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்தது இப்ப மச்சான் ஒர்க்ஷாப்ல நிக்குது. திருச்சிப் பக்கம் வேற வார்டன் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்கக்கா. மாசாமாசம் கமிஷன் தந்துடறேன்.

ஹாஸ்டல் அக்கா, திருச்சி:
நம்பர் எல்லாம் தரமாட்டேன் தம்பி. பஸ் ஏறி வாங்க, எந்தெந்தத் தெருவுல ஹாஸ்டல் இருக்குன்னு காட்டுறேன். ரெண்டு சாயங்காலம் நீங்களே நின்னு எண்ணிக்கோங்க. கமிஷன் வேணாம், வரும்போது அந்த டூத் பிரஷ்ஷை எடுத்துட்டு வாங்க. என் மெஷின்லயும் நாலாவது வரிசை ஒட்டிக்கிச்சு.